பன்கோரையும் கோனிக் வைத்தியரும்

டென்மார்க்கில் எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பாய் சுருட்டியபடி மூலையில் நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து நான் புறப்பட்ட நாளில் அம்மம்மா என் கையிற் கட்டாயமாகத் திணித்தது. அவரே இழைத்த பன்பாய். இந்தக் குளிர்நாட்டில் அதை விரித்துப் படுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் நான்கு தடவை வீடு மாறியபோதும் அது கூடவே வந்தது.

வீட்டிலுள்ள பழைய பொருளொன்றைக் கொண்டுவந்து, அது எந்த மூலப்பொருளாற் செய்யப்பட்டது என்று எழுதுமாறு மகளின் பாடசாலையில் ஒருமுறை கேட்டிருந்தார்கள். அவள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து இது என்ன செடி என்றாள். பன் என்றேன். பன் என்றால் என்ன என்றாள். கோரை மாதிரி ஒன்று என்றேன். கோரை என்றால் என்ன என்றாள். புல் மாதிரி ஒன்று என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் கோரை புல் அல்ல. உயர்தர வகுப்பிற் தாவரவியல் படித்தவன் நான். அந்த அளவாவது நினைவிருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியைக்கு லத்தீன் பெயர் எழுதிக் கொடுத்தாற் போதும் என்று மகள் வழி காட்டினாள். அன்றிரவு தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

தமிழகத்தில் பத்தமடைப் பாய்க்கும், வங்காளத்தின் மேதினிப்பூரில் மாதூர் என்று சொல்லப்படும் பாய்க்கும் பயன்படுகின்ற கோரைக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் பெயர் சைப்பெரஸ் பங்கோரெய். முதலில் அதை லத்தீன் என்றே எண்ணி வாசித்தேன். இரண்டாம் தடவை வாய்விட்டு வாசித்தபோதுதான் காதில் விழுந்தது. பங்கோரெய். பன்கோரை! லத்தீனும் கிரேக்கமும் ஆட்சி செய்யும் இடத்தில் ஒரு தமிழ்ச் சொல் வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெயரின் எழுத்துக்களைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். கோரையின் ககரம் தனியே நின்றால் வல்லொலி. மெல்லினத்தின் பின் வந்தால் மெலிந்து ஒலிக்கும். சங்கு, தங்கை என்று நாம் சொல்லும்போது வரும் ஒலி. பெயரை எழுதியவர் அங்கே ‘ஜி’ என்ற எழுத்தைப் போட்டிருக்கிறார். தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ‘கே’ அல்லவா வந்திருக்கும்? ஆகவே இது காதால் கேட்டு எழுதிய பெயர். இறுதியில் வரும் ஐகாரத்துக்கு ‘ஈ’, ‘ஐ’ என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். ஜெர்மன் மொழியில் அந்த இரண்டும் சேர்ந்தால் ஒலிப்பது நமது ஐகாரமேதான். ஆங்கிலேயர் ஒருவர் எழுதியிருந்தால் வேறு எழுத்துக்களைப் போட்டிருப்பார். ஜெர்மன் காது ஒன்று தமிழ் வாய் ஒன்றின் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது என்பது எனது ஊகம். 

அந்தக் காது யாருடையதாக இருக்கலாம் என்று தேடியபோது வந்து சேர்ந்தவர்தான் யொஹான் கெர்ஹார்ட் கோனிக்.

இந்தப் பெயர் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறார். கறிவேப்பிலைக்கு முரையா கோனிகீ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. அதிலுள்ள கோனிக் இவரே. 1771 இல் லின்னேயஸ் அந்த மரத்துக்கு முதலில் வைத்த பெயர் பெர்கெரா கோனிகீ. பின்னர் வந்தவர்கள் அதை முரையா இனத்துக்குள் கொண்டுபோனார்கள். அண்மைய மரபணு ஆய்வுகளின் பின் மறுபடியும் பெர்கெராவுக்கே பலர் திரும்பியிருக்கிறார்கள். எப்படி மாற்றினாலும் பின்பாதியில் கோனிக் மாறவில்லை. ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்த்தால் அவரே திகைத்துப்போவார்.

கோனிக் 1728 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி, அப்போது போலந்தின் ஆட்சியிலிருந்த லிவோனியாவில், கிரொய்ட்ஸ்பேர்க் என்ற ஊரின் அருகே பிறந்தார். இன்று அது லத்வியா நாட்டைச் சேர்ந்த யெக்காப்பில்ஸ் நகரத்தின் ஒரு பகுதி. பேசிய மொழி ஜெர்மன். 1757 இல் சுவீடனில் லின்னேயஸிடம் பாடம் கேட்டார். பிறகு டென்மார்க்குக்கு வந்து 1759 முதல் 1767 வரை இங்கே இருந்தார்.

லின்னேயஸ் என்ற அந்த மனிதர் உலகத்துச் செடிகளையெல்லாம் எண்ணிக் கணக்கெழுதத் துணிந்தவர். அவருக்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு வரி நீளத்துக்கு இருக்கும். அவர்தான் இரண்டு சொற்களாகச் சுருக்கினார். முதற் சொல் குடும்பப் பெயர்போல, இரண்டாவது சொல் பிள்ளையின் பெயர்போல. (நம்மவர்களுக்கு வெளிநாட்டு அலுவலகங்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று விளக்குவதைவிட இது இலகு.) செடிகளை வகுப்புகளாகப் பிரிக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் பூவின் உறுப்புகளின் எண்ணிக்கை. எத்தனை கேசரம், எத்தனை தம்பம். சைப்பெரஸ் என்ற கோரையினத்தை 1753 இல் அவர் மூன்று கேசரமும் ஒரு தம்பமும் உடைய கூட்டத்திற் சேர்த்தார். புற்களிற் பெரும்பாலானவை மூன்று கேசரமும் இரண்டு தம்பமும் உடையவை. ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போயின. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற புல்லும் கோரையும் பிரிந்தது இப்படி ஒரு நூலிழையில்.

அந்த அளவுகோல் பின்னாளிற் கைவிடப்பட்டது. ஆனால் புல் வேறு, கோரை வேறு என்ற முடிவு நிலைத்துவிட்டது. இன்று கோரைக்குத் தனிக் குடும்பமே உண்டு. அதில் 5,000 க்கு மேற்பட்ட இனங்கள். எகிப்தியர் எழுதிய பப்பைரஸும் இக்குடும்பமே, வயலில் விவசாயியை அழவைக்கும் முத்தக்காசும் இக்குடும்பமே. இரண்டும் சைப்பெரஸ்தான்.

மாணவர்கள் போகாத திசைக்குப் போகவேண்டும் என்பது லின்னேயஸின் ஆசை. கோனிக் முதலிற் போனது ஐஸ்லாந்துக்கு. டென்மார்க் அரசு தன் ஆட்சிப் பகுதிகளின் செடிகளையெல்லாம் படத்தோடு வெளியிடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதற்காகச் செடி சேர்க்கப் போய் 1765 இல் அங்கே இருந்தார். அவர் கொண்டுவந்தவற்றில் சில சென்ரிமீற்றர் உயரமேயுள்ள ஒரு பூண்டு இருந்தது. லின்னேயஸ் அதற்கு 1767 இல் கோனிகியா இஸ்லாந்திகா என்று பெயரிட்டார். வடதுருவத்துக் குளிரில் ஒரு கோடைக்குள் முளைத்து, பூத்து, மடிந்துவிடும் செடி. ஒரே மனிதரின் பெயர் அந்தப் பனிப் பூண்டிலும் நமது கறிவேப்பிலையிலும் இருப்பதை நினைத்தால் எனக்கு ஏனோ ஒரு பரவசம். புலம்பெயர்ந்தவனுக்கு மட்டும் தோன்றும் பரவசமாக இருக்கலாம்.

1767 இல் கோனிக் தரங்கம்பாடி மிஷனின் வைத்தியராக நியமனம் பெற்றார். வழியில் நன்னம்பிக்கை முனையிற் கப்பல் தங்கியபோது அங்கும் செடி சேர்த்து லின்னேயஸுக்கு அனுப்பினார். 1768 இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடியைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. 1620 இல் டேனியர்கள் தஞ்சை நாயக்க மன்னரிடமிருந்து பெற்ற கடலோர ஊர். 1706 இல் சீகன்பால்க் வந்து இறங்கியதும், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அங்கேதான். மிஷனரிகளில் பெரும்பாலோர் ஜெர்மானியர். டேனியக் கொடியின் கீழ் ஜெர்மன் பேசிக்கொண்டு தமிழ் படித்த ஒரு விசித்திரமான கூட்டம். பின்னாளிற் தமிழ் அகராதி தொகுத்த றொட்லரும் இந்த ஊருக்கு 1776 இல் வந்தவரே. அவரும் ஒரு தாவரவியலார் என்பது பலருக்குத் தெரியாது. சொல் சேர்ப்பதும் செடி சேர்ப்பதும் அந்த ஊரில் ஒரே கையால் நடந்தன.

கோனிக்கின் வேலை நோயாளிகளைப் பார்ப்பது. மனம் இருந்தது செடிகளில். காவிரிப் படுகையின் கடைக்கோடியான அந்தப் பகுதியில் வாய்க்கால், குளம், உப்பங்கழி, வயல்வரப்பு என்று எங்கு திரும்பினாலும் கோரை. ஐரோப்பியர்கள் பெரும்பாலும் தேடியது பெரிய பூ, நறுமணப் பட்டை, விலைபோகும் காய். கோரையை யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். கோனிக் பார்த்தார். காய்ந்த மாதிரிகளைத் தாளில் ஒட்டி, குறிப்பெழுதி, கப்பலில் வடக்கே அனுப்பினார். ஒரு பொதி உப்சாலாவுக்கு, ஒரு பொதி கொப்பன்ஹேகனுக்கு.

கொப்பன்ஹேகனில் அவற்றைப் பெற்றவர் கிறிஸ்தன் ஃப்ரீஸ் றொட்பொல் என்ற மருத்துவப் பேராசிரியர். அங்குள்ள தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளரும் அவரே. கோனிக்கைவிட ஒரு வயது மூத்தவர். 1773 இல் அவர் அரிய செடிகளின் விபரணங்களும் படங்களும் அடங்கிய ஒரு லத்தீன் நூலை வெளியிட்டார். அதில் பெரும்பகுதி புல்லும் கோரையும். இந்தியச் செடிகள் கோனிக் அனுப்பியவை. சூரினாமிலிருந்து லின்னேயஸின் இன்னொரு மாணவர் ரொலாண்டர் கொண்டுவந்தவையும் அதிற் சேர்ந்திருந்தன. சைப்பெரஸ் பங்கோரெய் உலகத்துக்கு அறிமுகமானது அந்த நூலில்தான். உலகத்துக்கு என்று எழுதிவிட்டேன். பாய் முடைபவர்களுக்கு அது எப்போதோ அறிமுகமான செடி.

அச்சிட்டவர் எவரோ அவரே ஒரு பெயரின் ஆசிரியர் என்பது தாவரவியலின் வழக்கம். ஆகவே சைப்பெரஸ் பங்கோரெய் என்று எழுதிப் பின்னால் றொட்பொல் என்று போடுகிறார்கள். வெயிலில் வாய்க்காலுக்குள் இறங்கியவரின் பெயர் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் கோனிக்குக்காக வழக்காடப் போனால், அவருக்கு முன்னே இன்னொருவர் நிற்கிறார். வாய்க்கால் ஓரத்தில் நின்ற அந்நியர் இது என்ன என்று கேட்க, பன்கோரை என்று பதில் சொன்ன ஒருவர். கோரை அறுத்தவரோ, பாய் முடைந்த பெண்ணோ, வைத்தியரின் வேலையாளோ. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது.

றொட்பொல் ஏன் அதை மாற்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அதே நூலில் ஒரு கோரையினத்துக்குத் தம் நாட்டுப் பழைய தாவரவியலார் பேடர் கிலிங் என்பவரின் நினைவாகக் கிலிங்கா என்று பெயரிட்டிருக்கிறார். வேறொன்றுக்கு இன்னொரு டேனியரான ஃபுய்ரனின் பெயர். பூந்துணரின் வடிவத்தை வைத்து கொரிம்போசஸ் என்று ஒன்று. பெயர் வைக்கத் தெரியாதவர் அல்ல அவர். மாதிரியோடு வந்த சொல்லை விரும்பியே வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இந்தக் கிலிங்காவைப் பின்வந்த மரபணு ஆய்வாளர்கள் பலர் சைப்பெரஸுக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள் என்பது இன்னொரு கதை.

இனி அந்தச் செடியைப் பார்ப்போம். மகளுக்கு விளக்குவதற்காக நானே மறுபடி படித்தது.

புல்லின் தண்டு உருண்டை. உள்ளே பெரும்பாலும் பொள்ளல். இடையிடையே கணு. மூங்கிலை நினைத்துக்கொண்டாற் போதும், அது ஒரு பெரிய புல்தான். கோரையின் தண்டு மூன்று பட்டை. விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளாமல் தடுக்கும். உள்ளே வெற்றிடம் இல்லை, பஞ்சுபோன்ற சோறு. இலைகள் புல்லில் இரண்டு வரிசையாக இருக்கும், கோரையில் மூன்று வரிசை. இலையின் அடி தண்டைத் தழுவும் உறை புல்லில் பெரும்பாலும் ஒருபக்கம் பிளந்திருக்கும். கோரையில் அது குழாய்போல மூடியிருக்கும்.

பங்கோரெய் நிலத்தடியில் கிடையாக ஓடும் வேர்த்தண்டுக் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் புதிது புதிதாகத் தண்டுகளை அனுப்புவது. தண்டு ஒரு மீற்றர் அளவுக்கு வளரும். இலைகளோ பேருக்குத்தான். அடியில் உறையாகச் சுருங்கி, நுனியில் சிறு அலகு மட்டும் மிஞ்சியிருக்கும். இலை செய்யவேண்டிய வேலையைப் பச்சைத் தண்டே செய்கிறது. உச்சியில் இலைபோன்ற சில பூவடிச்செதில்கள், அவற்றின் நடுவிலிருந்து குடைக்கம்பிகள்போல விரியும் காம்புகள், அவற்றில் செங்கபில நிறமான மெல்லிய சிறுகதிர்கள். சிறுகதிரில் செதில்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலின் கக்கத்திலும் ஒரு பூ. அதற்கு இதழ் இல்லை, மணம் இல்லை, தேன் இல்லை. காற்றை நம்பியிருக்கும் பூவுக்கு அலங்காரம் எதற்கு? மூன்று கேசரம், மூன்றாகப் பிரிந்த குறி, முப்பட்டையான சிறு காய். எல்லாமே மூன்று.

இவற்றில் தாவரவியலாருக்கு வேண்டியது உச்சியிலுள்ள பூந்துணர். செதிலின் நீளம், குறியின் எண்ணிக்கை, காயின் வடிவம் இவை இல்லாமல் ஒரு கோரையை இன்னதென்று அவர் சொல்லமாட்டார். பாய் முடைபவருக்கு வேண்டியதோ தண்டு. பூந்துணரை அவர் கொய்து எறிந்துவிடுவார். ஒருவர் எறிவதை மற்றவர் பொறுக்குகிறார்.

ஆனால் பாய் முடைபவரும் வகைப்பாட்டியலார்தான். கணு இல்லாத தண்டு வேண்டும், இல்லாவிட்டால் கீறும்போது வழி தவறும். இலையில்லாத தண்டு வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு விழும். புறத்தோலின் கீழ் நார் வேண்டும். உள்ளே சோறு மென்மையாக இருக்கவேண்டும், வழித்தெடுப்பதற்கு. பத்தமடையில் பச்சைக் கோரையைக் கீறி வெயிலிற் காயவைத்து, பின் ஓடும் ஆற்றுநீரிற் சில நாட்கள் ஊறப்போடுவார்கள். சோறு நீரை உறிஞ்சி ஊதிவிடும். அதை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிய இழைகளாகக் கீறிப் பருத்தி நூற் பாவில் நெய்வார்கள். மிக நுண்ணிய பாய் பட்டுப்போல மடியும். எங்கள் ஊரில் தறி கிடையாது, கையாலேயே இழைப்பார்கள். அம்மம்மா பன்னைக் கையில் எடுத்து நுனிவிரலால் ஒருதரம் தடவிவிட்டு, இது சரிவராது என்று சிலதை ஒதுக்கிவைப்பார். ஏன் சரிவராது என்று நாங்கள் கேட்டதில்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் பஞ்சாய்க் கோரையாற் பாவை செய்து விளையாடுவதைப் படித்தபோதும் எனக்கு அவருடைய விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

றொட்பொலின் நூல் வெளிவந்த அதே 1773 இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் கோனிக்குக்கு நேரில் வராமலே மருத்துவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவரது ஆய்வின் பொருள், ஒவ்வொரு நாட்டு நோய்க்கும் அந்தந்த நாட்டு மருந்தே ஏற்றது என்பதைப் பற்றியது. பட்டம் வந்தது, பணம் வரவில்லை. மிஷன் வைத்தியரின் ஊதியத்தில் ஊரூராகச் செடி தேடுவது இயலாத காரியம். 1774 இல் அவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். இந்த நவாப் கடனுக்குப் பேர்போனவர். அவருடைய கடன்களைப் பற்றி இலண்டன் பாராளுமன்றம் வரையில் விவாதம் நடந்தது. அப்படிப்பட்டவரிடம் சம்பளம் வாங்குவது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் தமிழகத்திற் சுற்றித்திரிய வசதி கிடைத்தது. இலங்கைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்துபோனார். கரையோரம் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. 

செடி மட்டும் அல்ல, கறையானும் அவரைக் கவர்ந்தது. புற்றுகளை ஆராய்ந்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779 இல் பெர்லினில் வெளியாகியது. அந்தப் பூச்சியைப் பற்றிய முறையான ஆய்வுகளில் அது மிக முந்தியவற்றுள் ஒன்று. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைத்திருப்பவருக்குக் கறையானைக் கவனிப்பதைத் தவிர வேறு வழியும் இருந்திருக்காது.

1778 இல் கிழக்கிந்தியக் கம்பனி அவரைத் தன் செலவில் மலாக்காவுக்கும் சயாமுக்கும் அனுப்பியது. சென்னையிற் கம்பனி அமர்த்திய முதலாவது இயற்கை ஆய்வாளர் அவரே. கம்பனிக்கு வேண்டியது வணிகத்துக்கு உதவக்கூடிய செடிகள். கோனிக்குக்கு எல்லாச் செடியும் வேண்டும். சயாமில் அப்போது தக்சின் மன்னரின் ஆட்சி. இஞ்சிக் குடும்பத்துப் பூக்கள் மிக மென்மையானவை, உலர்த்தினால் குழம்பிவிடும். ஆகவே கோனிக் அவற்றை உயிரோடு இருக்கும்போதே பக்கத்திலிருந்து நுணுக்கமாக எழுதிவைத்தார். சுவீடனில் ரெட்சியஸ் என்பவர் 1783 இல் அவற்றை அச்சிட்டார். இஞ்சிக் குடும்பத்தை ஆராய்பவர்கள் அந்தப் பக்கங்களுக்கு இன்றும் திரும்பிப் போகிறார்கள். அவருடைய பயண நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது 1894 இல், எழுதி நூறு ஆண்டுகளுக்குப் பின்.

இவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. செடி இவருடையது, நூல் வேறொருவருடையது. லின்னேயஸ், அவருடைய மகன், றொட்பொல், ரெட்சியஸ் என்று எல்லோரும் இவருடைய பொதிகளைப் பிரித்து எழுதினார்கள். இவர் தன் பெயரில் ஒரு பெரிய நூல்கூட வெளியிடவில்லை. சோம்பல் அல்ல. ஓர் இடத்தில் இருந்து எழுத நூலகம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் வேண்டும், அவையெல்லாம் ஐரோப்பாவில் இருந்தன. இவர் இருந்தது வயலோரத்தில். திரும்பிப் போயிருந்தால் எழுதியிருப்பார். போகவில்லை. 

சென்னையில் அவருக்கு வில்லியம் றொக்ஸ்பரோ என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் நண்பரானார். 1776 இல் கம்பனியின் வைத்தியப் பிரிவுக்கு வந்தவர். கோனிக்கைவிட இருபத்துமூன்று வயது இளையவர். 1781 முதல் கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் பணியாற்றினார். கோனிக் 1784 இல் வடக்கே கல்கத்தா நோக்கிப் புறப்பட்டார். வழியில் விசாகப்பட்டினத்தில் பற்றிக் ரசல் என்ற இன்னொரு வைத்தியரோடு தங்கினார். பாம்புகளைப் பற்றிய நூலால் பின்னாளிற் புகழ்பெற்ற ரசல் அவர்தான். இந்தப் பயணத்தில் கோனிக்கைக் கடும் வயிற்றுளைவு பிடித்தது. றொக்ஸ்பரோ வந்து பார்த்தார், மருத்துவம் செய்தார். பயன் இல்லை. நாட்டு நோய்க்கு நாட்டு மருந்து என்று ஆய்வெழுதியவர் 1785 ஜூன் 26 ஆம் திகதி, இன்றைய காக்கிநாடா நகரத்தைச் சேர்ந்த ஜகந்நாதபுரத்தில் இறந்தார். வயது 56. தன் கையெழுத்துப் பிரதிகளை இலண்டனிலிருந்த சேர் ஜோசப் பாங்ஸுக்கு விட்டுச்சென்றார். இந்தியாவுக்கு வந்து பதினேழு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை.

இப்போது கோரைக்குத் திரும்பலாம். றொக்ஸ்பரோ 1793 இல் கல்கத்தா தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளரானார். அங்கே வங்காளத்தவர்கள் பாய் முடையும் கோரை ஒன்றைப் பார்த்தார். அதற்கு மிக அழகான ஒரு பெயரை வைத்தார், சைப்பெரஸ் தெகெதும். லத்தீனில் பாய்களுடைய கோரை என்று பொருள். செடியின் பயனை அறிந்து, முடைபவர்களை மதித்து வைத்த பெயர். றொக்ஸ்பரோ 1815 இல் இறந்துவிட, அவருடைய இந்தியத் தாவரங்கள் நூலின் முதற் பாகத்தை 1820 இல் வில்லியம் கேரி செராம்பூரில் அச்சிட்டார். அதில் தெகெதும் இடம்பெற்றது. நூற்றாண்டுக்கு மேலாக இந்தியத் தாவர நூல்கள் பாய்க்கோரையை அந்தப் பெயராலேயே அழைத்துவந்தன. பங்கோரெய் என்ற பெயரைக் கொரிம்போசஸ் என்ற பக்கத்து வீட்டுக் கோரையின் கிளையாக ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. கோரைகளின் வகைப்பாடு அப்படி. ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி சாடை, எது எங்கே முடிகிறது என்று கோடு கிழிப்பது கடினம்.

பிறகு மாதிரிகளையும் விபரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, தெகெதும் என்பதும் பங்கோரெய் என்பதும் ஒரே செடி என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் எது செல்லும்? தாவரவியலாரின் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. 1753 க்குப் பின் முறைப்படி முதலில் அச்சேறிய பெயரே செல்லும். அழகானது, பொருத்தமானது என்பதெல்லாம் எடுபடாது. 1773 முந்தியது, 1820 பிந்தியது. ஆகவே றொக்ஸ்பரோவின் லத்தீன் ஒதுங்கியது. நண்பரின் மரணப் படுக்கையருகில் இருந்தவர் வைத்த பெயரை, அந்த நண்பர் தரங்கம்பாடியிலிருந்து கட்டியனுப்பிய ஒரு பொதியிலிருந்த தமிழ்ச் சொல் வென்றது. மேதினிப்பூரின் வங்காளிப் பாய்க்கும் இன்று தாவரவியல் நூல்களில் பெயர் பங்கோரெய்தான்.

மகளுக்கு இவ்வளவும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் அம்மம்மாவின் பாயும் இதே செடிதானா என்றாள். சரியான கேள்வி. ஊர்ப்பெயர்கள் தாராளமானவை, பன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று இனங்கள் அடங்கும். பாயில் இருப்பது தண்டு மட்டும். பூந்துணரை அம்மம்மா அன்றைக்கே கொய்து எறிந்திருப்பார். குறி மூன்றா இரண்டா என்று இனி யார் பார்ப்பது? ஆகவே பெயரை எழுதி, பின்னால் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னேன். தாவரவியலாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னதும் அவளுக்கு மகிழ்ச்சி.

சில நாள் கழித்துப் பாய் திரும்பி வந்தது. ஆசிரியை என்ன சொன்னார் என்று கேட்டேன். பெயரை வகுப்பில் உரத்து வாசித்தாராம். டேனிய மொழியிலும் அந்த இரண்டு எழுத்துக்களும் சேர்ந்தால் ஐகாரம்தான். ஒரு பிழையும் இல்லாமல் பங்கோரை என்றே வாசித்தாராம்.